துன்பநாளில் துணைநின்ற நினைவு: எருசலேமின் வீழ்ச்சியும் எபிரேயப் பாடல்களும்

பத்தாண்டு நிறைவில் ஓர் இலக்கிய வட்டம் மலர் வெளியிடுவது, நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் முயற்சியே ஆகும். திரும்பிப் பார்த்தல் தனிமனிதர்க்கும் குழுவுக்கும் நாட்டுக்கும் பொதுவான இயல்பு. ஆயினும், பழையதை நினைத்தல் எப்போது வலிமை தருகிறது, எப்போது வெறும் மயக்கமாகி விடுகிறது என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. இறைவன் முன்னாளில் தம்மைக் காத்தான் என்ற நினைவையே பற்றுக்கோடாகக் கொண்டு வாழ்ந்த ஒரு சிறு மக்கட் கூட்டத்தின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தேவாரம் நடத்தும் வகுப்புகளில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. முப்புரம் எரித்ததும், கூற்றுவனை உதைத்ததும், கயிலையைப் பெயர்க்க முயன்ற இராவணனை விரலால் அடர்த்ததும் மீண்டும் மீண்டும் வருவானேன்? சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாடல் பெரும்பாலும் இராவணனுக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ஒருமுறை சொன்னால் போதாதா என்பது அவர்கள் ஐயம். செய்தி அறிவிப்பது நோக்கமாயின் ஒருமுறை போதும். பற்றிக்கொள்வது நோக்கமாயின் ஒருமுறை போதாது என்பதே நான் தரும் விடை. இவ்விடை முழுமையானதா என்று சோதிக்க, இதே பழக்கத்தைத் தம் சமய வாழ்வின் நடுவிடத்தில் வைத்துக்கொண்ட எபிரேயரின் வரலாறு பெரிதும் உதவுகிறது.

கல்லும் சொல்லும்

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்ட இஸ்ரவேல் மக்கள் யோர்தானைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினர் என்று யோசுவாவின் நூல் கூறுகிறது. அக்கற்களில் எழுத்து எதுவும் பொறிக்கப்பட்டதாகக் குறிப்பில்லை. பின்னாளில் பிள்ளைகள் அவற்றின் பொருள் யாதெனத் தந்தையரைக் கேட்க வேண்டும்; தந்தையர் விடை சொல்ல வேண்டும். அதற்காகவே அவை நாட்டப்பட்டன. கல் வினாவை எழுப்பும். வாய்ச்சொல்லே விடை தரும்.

பெலிஸ்தரை வென்ற பின் சாமுவேல் நாட்டிய கல்லுக்கு எபெனேசர் என்று பெயர். உதவியின் கல் என்பது அதன் பொருள். இதுவரையில் இறைவன் உதவினான் என்பதே அக்கல்லுக்கு அவர் கூறிய விளக்கம். இதுவரையில் என்னும் சொல் ஈண்டு நோக்கத்தக்கது. வந்த வழிக்கு நன்றி அதில் உண்டு. இனிவரும் வழியைப் பற்றிய உறுதிமொழி அதில் இல்லை.

தொல்காப்பியம் கூறும் நடுகல், வீழ்ந்த வீரனின் பீடும் பெயரும் நிலைக்க நாட்டப்படுவது. எபிரேயரின் இக்கற்களோ எந்த வீரனின் பெயரையும் தாங்கவில்லை. தம் ஆற்றலை அன்று, தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட ஓர் உதவியை நினைவூட்டவே அவை நின்றன.

இந்நினைவு போர்க்காலத்துக்கு மட்டும் உரியதன்று. முதற்பலனைக் கூடையில் கொண்டுவரும் உழவன், தன் முன்னோர் அலைந்து திரிந்தவர் என்பதையும், எகிப்தில் ஒடுக்கப்பட்டவர் என்பதையும், மீட்கப்பட்டவர் என்பதையும் பலிபீடத்தின்முன் சொல்ல வேண்டும் என்பது உபாகம நூலின் விதி. விளைச்சல் நிறைந்த நாளில் வறுமையை நினைக்கச் சொல்லும் விதி இது. நிறைவில் பயிலாத நினைவு குறைவில் கைகொடாது என்பதை அம்மக்களின் சட்டம் உணர்ந்திருந்தது. எனினும் நடந்தது வேறு.

தப்பிய நகரம்

கி.மு. 701-இல் அசீரியப் பேரரசன் சனகெரிப், யூதா நாட்டின்மீது படையெடுத்தான். அரண்சூழ்ந்த நகரங்கள் நாற்பத்தாறைக் கைப்பற்றியதாக அவனுடைய களிமண் பட்டயம் பேசுகிறது. லாகீசு நகரின் வீழ்ச்சியைத் தன் அரண்மனைச் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களாக அவன் செதுக்குவித்தான். எருசலேமில் அரசாண்ட எசேக்கியா முற்றுகையை எதிர்நோக்கி, நகருக்கு வெளியேயிருந்த ஊற்றுநீரை உள்ளே கொணரப் பாறையைக் குடைந்து வழி செய்தான். ஏறத்தாழ 533 மீட்டர் நீளமுடைய அச்சுரங்கத்தை இன்றும் காணலாம். இருபுறமிருந்தும் குடைந்துவந்த தொழிலாளர் நடுவே சந்தித்த செய்தியைக் கூறும் கல்வெட்டு ஒன்று 1880-இல் அதனுள் கண்டெடுக்கப்பட்டது.

எசேக்கியா பெருந்தொகையைத் திறையாகச் செலுத்தினான் என்பதை விவிலியமும் அசீரியப் பட்டயமும் ஒருங்கே கூறுகின்றன. ஆயினும் எருசலேமைப் பிடித்ததாகச் சனகெரிப் எங்கும் உரிமை கொண்டாடவில்லை. நாடு முழுவதும் சிதைய, தலைநகர் மட்டும் தப்பியது. இறைவனே காத்தான் என்று மக்கள் பாடினர். அவ்வாறு பாடியதில் வியப்பில்லை.

வியப்பு அதன் பின்விளைவில் உள்ளது. ஒருமுறை தப்பிய நகரம் என்றும் தப்பும் என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது. கோயில் இங்கிருக்கும்வரை நமக்குக் கேடில்லை என்று மக்கள் நம்பலாயினர். கி.மு. 609 அளவில் எரேமியா கோயில் வாயிலில் நின்று இந்நம்பிக்கையைக் கண்டித்தார். அயலாரையும் திக்கற்றோரையும் கைம்பெண்களையும் ஒடுக்கிக்கொண்டே கோயிலின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் பயனில்லை என்றார். முன்பு திருவிடம் அமைந்திருந்த சீலோவுக்கு நேர்ந்ததைப் போய்ப் பாருங்கள் என்று அறிவுறுத்தினார். அவரைக் கொல்ல வேண்டும் என்று கூச்சல் எழுந்தது.

இறைவன் காத்தான் என்ற நினைவு இங்கே வலிமை தரவில்லை, உறக்கம் தந்தது. அவர்கள் நினைத்த செய்தி பொய்யன்று. நினைத்த முறையே பிழை. காத்தவனை மறந்து காக்கப்பட்ட சுவரை மட்டும் அவர்கள் நினைவில் வைத்தனர். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் இளம் அரசன் யோயாக்கீனைச் சிறைகொண்டு போனான். கி.மு. 586-இல் நகரும் கோயிலும் தீக்கிரையாயின.

புலம்பலின் அமைப்பு

அழிவின் சாம்பலில் பிறந்தது புலம்பல் என்னும் நூல். ஐந்து பாடல்களைக் கொண்ட இந்நூலின் யாப்பு கவிஞர்களாகிய நம் கருத்தைக் கவர்வது. முதல் நான்கு பாடல்களும் எபிரேய அகரவரிசையின் இருபத்திரண்டு எழுத்துகளை முறையே முதலெழுத்தாகக் கொண்டு அமைந்தவை. நம் வருக்கக்கோவையை ஒத்த அமைப்பு இது. மூன்றாம் பாடலில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று அடிகள் வீதம் அறுபத்தாறு அடிகள் உள்ளன. ஐந்தாம் பாடலில் இருபத்திரண்டு என்னும் எண்ணிக்கை மட்டும் எஞ்சி, எழுத்து வரிசை கைவிடப்படுகிறது. அடியின் முற்பாதி நீண்டும் பிற்பாதி குறுகியும் நடக்கும் சந்தம், நொண்டி நடப்பவரின் நடையை ஒத்தது என்பர்.

எல்லாம் குலைந்த வேளையில் எழுத்து வரிசை ஒன்றே குலையாமல் நின்றது போலும். பசியையும் பிணங்களையும் இறைவனின் சினத்தையும் அந்த ஒழுங்குக்குள் நிறுத்தியே கவிஞர் பேசுகிறார். மூன்றாம் பாடலில் இருபது அடிகள் துன்பத்தையே சொல்லி வந்தவர், இருபத்தோராம் அடியில் ஒன்றை மனத்துக்குக் கொண்டுவருகிறார். அதனால் நம்பிக்கை கொள்கிறார். அவர் நினைத்தது இறைவனின் பேரன்பும் மாறாத உண்மையுமே. அப்பேரன்பு நாள்தோறும் காலையில் புதிதாவது என்கிறார்.

ஆயின் பாடல் அத்துடன் முடியவில்லை. துன்பம் மீண்டும் வருகிறது. நூலின் இறுதி அடியோ, எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்ற ஐயத்தில் நிற்கிறது. நினைவு துன்பத்தை அகற்றவில்லை. துன்பத்தின் நடுவே கால் ஊன்ற ஓரடி நிலம் தந்தது. அவ்வளவே. ஆனால் அவ்வளவும் பெரிது.

பாபிலோன் ஆற்றங்கரை

சிறைப்பட்டுச் சென்றோரின் வாழ்வைக் களிமண் ஏடுகள் நமக்குக் காட்டுகின்றன. பாபிலோனில் அகழ்ந்தெடுக்கப்பட்டு 1939-இல் வெளியிடப்பட்ட ஏடுகளில், யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து புதல்வர்க்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்குக் காணப்படுகிறது. தாவீதின் வழித்தோன்றல், பகைவனின் பண்டகசாலையில் படி பெறும் நிலை அது. 2014-இல் வெளியான வேறு ஏடுகள், யூதாவின் பெயரையே தாங்கிய ஒரு குடியிருப்பு பாபிலோனிய நாட்டுப்புறத்தில் இருந்ததைத் தெரிவிக்கின்றன. நிலக் குத்தகை, வரி, கடன், பங்கீடு ஆகியவை பற்றிய ஆவணங்கள் அவை. மக்கள் உழுதனர், வரி செலுத்தினர், பிள்ளைகளைப் பெற்றனர்.

நிலமும் அரசும் கோயிலும் போனபின் அவர்கள் கையில் எஞ்சியது சொல் மட்டுமே. சிதறிக்கிடந்த பாடல்களையும் கதைகளையும் சட்டங்களையும் தொகுத்துச் செப்பம் செய்யும் பணி இக்காலத்திலும் இதனையடுத்த காலத்திலும் பெரிதும் நடைபெற்றது என்பது அறிஞர் பலரின் கருத்து. நம்மிடையே சங்கீதம் என வழங்கும் திருப்பாடல்களுள் 105, 106 ஆகிய இரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது தற்செயல் ஆகாது. இரண்டும் ஒரே வரலாற்றைப் பாடுவன. 105-ஆம் பாடல் இறைவன் செய்த நன்மைகளை வரிசையாகக் கூறுகிறது; 106-ஆம் பாடல் அதே காலத்தில் மக்கள் செய்த பிழைகளை வரிசையாகக் கூறி, வேற்றினத்தாரிடையே சிதறிய எங்களைக் கூட்டிச் சேர்த்தருள்க என்ற வேண்டுதலை நோக்கி நடக்கிறது.

முன்னோர் பெருமையைப் பாடுதல் எல்லா மக்களுக்கும் இயல்பு. முன்னோரின் மறதியையும் நன்றிகேட்டையும் வழிபாட்டுப் பாடலாகவே பாடியவர் சிலரே. கி.மு. 701-இன் நினைவு உறக்கமாயிற்று. பாபிலோனின் நினைவோ விழிப்பாயிற்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது. தன் பிழையையும் சேர்த்து நினைப்பவனுக்கே, காத்தவனின் உண்மை உண்மையாகப் புலப்படுகிறது.

வழக்காடும் நினைவு

இப்பாடல்களின் நினைவு பணிந்து அடங்கும் நினைவு என்று எண்ணுதல் பொருந்தாது. 44-ஆம் பாடல், தந்தையர் சொல்லக் கேட்ட பழைய வெற்றிகளைக் கூறித் தொடங்கி, இன்று ஏன் உறங்குகின்றீர் என்று இறைவனையே கேட்கும் துணிவில் முடிகிறது. 89-ஆம் பாடல் தாவீதோடு செய்த உடன்படிக்கையை நெடுக விரித்துரைத்து, முன்னைய பேரன்பு எங்கே என்று வினவுகிறது. கடன் கொடுத்தவன் பத்திரத்தை நீட்டுவதைப் போல, இக்கவிஞர்கள் இறைவனின் பழைய செயல்களை அவன்முன் நீட்டுகின்றனர். நினைவு இங்கே ஆறுதல் அன்று, சான்று.

கண்ணொளி இழந்த சுந்தரர் தம் தலைவனிடம் உரிமையோடு முறையிட்டதை அறிந்த தமிழர்க்கு இத்தொனி புதிதன்று. இரண்டு மரபுகளும் வேறு, நம்பிக்கைகளும் வேறு. ஆயினும் முன்பு பெற்ற அருளே முறையிடும் உரிமையைத் தருகிறது என்பதில் வன்றொண்டரும் எபிரேயக் கவிஞரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருப்பர்.

77-ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. உறக்கம் வராத இரவில் ஒருவர் அடுக்கடுக்காக வினவுகிறார். என்றென்றைக்கும் தள்ளிவிடுவானோ, இரங்குதலை மறந்தானோ என்பன அவ்வினாக்கள். பின்னர்ப் பழைய செயல்களை நினைக்கத் தொடங்குகிறார். கடல் பிளந்த காட்சி விரிகிறது. நீரின் நடுவே சென்றவனின் அடிச்சுவடு மட்டும் தென்படவில்லை என்கிறார். மோசேயும் ஆரோனும் மந்தையைப் போல மக்களை நடத்திச் சென்றதோடு பாடல் நின்றுவிடுகிறது. அவர் துன்பம் தீர்ந்ததா என்ற செய்தியே இல்லை. வினாக்களுக்கு நேர்விடையும் இல்லை. தன் இரவிலிருந்து தன் மக்களின் பெரிய இரவுக்குள் அவர் நடந்து செல்கிறார். அங்கே தனியராக இல்லை. நினைவு தரும் வலிமை யாது என்பதற்கு இதனினும் நேர்மையான விடையை நான் கண்டதில்லை.

பழையதும் புதியதும்

நினைவுக்கு மற்றோர் இடரும் உண்டு. பழைய வழியிலேயே உதவி வரவேண்டும் என்று எதிர்பார்த்து, புதிதாக வரும் உதவியைக் காணாது போதல் அவ்விடர். சிறையிருப்பின் இறுதிக்காலத்துப் பகுதி எனக் கருதப்படும் ஏசாயா நூலின் நாற்பத்து மூன்றாம் அதிகாரத்தில், கடலில் வழி திறந்ததை நினைவூட்டிய உடனேயே, முந்தினவற்றை நினைக்க வேண்டா, புதியதொன்று தோன்றுகிறது என்று இறைவன் கூறுவதாக வருகிறது. நாற்பத்தாறாம் அதிகாரத்திலோ முந்தினவற்றை நினையுங்கள் என்கிறார். முரணாகத் தோன்றும் இவ்விரண்டும் முரணல்ல. காத்தவனை நினைக்க வேண்டும். காத்த முறையை அவனுக்கு விதியாக்கலாகாது.

அவ்வாறே கடல் பிளக்கவில்லை. கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். 1879-இல் கண்டெடுக்கப்பட்ட அவனுடைய களிமண் உருளை, பிற நாட்டுத் தெய்வங்களை அவற்றின் இடங்களுக்கு மீள அனுப்பியதாகப் பெருமிதத்துடன் கூறுகிறது. யூதாவின் பெயர் அதில் இல்லை. பேரரசின் பொதுக்கொள்கை ஒன்றின் வழியாகவே அவர்களுக்கு விடுதலை வந்தது. கோயிலின் அடித்தளம் மீண்டும் இடப்பட்ட நாளில் இளையோர் ஆர்ப்பரித்தனர். பழைய கோயிலைக் கண்ட முதியோர் உரக்க அழுதனர். அழுகையொலியையும் மகிழ்ச்சியொலியையும் பிரித்தறிய இயலவில்லை என்று எஸ்றாவின் நூல் குறிக்கிறது. கி.மு. 515 அளவில் கோயில் பணி நிறைவுற்றது.

இல்லத்து விருந்து

அக்கோயிலும் கி.பி. 70-இல் ரோமரால் அழிக்கப்பட்டது. அப்போது நினைவு இல்லத்து உணவு மேசைக்கு இடம்பெயர்ந்தது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, பஸ்கா என்னும் விடுதலைத் திருநாள் இரவில் எகிப்தின் கதையைச் சொல்லும் முறையை வகுக்கிறது. பிள்ளை கேட்க வேண்டும். தந்தை விடை கூற வேண்டும். இழிவில் தொடங்கிப் புகழில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையினரும் எகிப்திலிருந்து தாமே புறப்பட்டதாக எண்ண வேண்டும். கசப்புக் கீரையும் புளிப்பற்ற அப்பமும் அக்கதைக்குச் சுவை சேர்க்கும். கில்காலின் கல் செய்த பணியை இப்போது கீரை செய்கிறது.

இம்மரபின் கடுஞ்சோதனை 1944-இல் நேர்ந்தது. பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் அவ்வாண்டுப் பஸ்கா நாளில் புளிப்பற்ற அப்பம் இல்லை. சாதாரண ரொட்டி உண்டால் விதி மீறல், உண்ணாவிடில் சாவு. அங்கிருந்த நெதர்லாந்து நாட்டு ரபிகள், அந்த ரொட்டியை உண்ணுமுன் சொல்லத்தக்க ஒரு மன்றாட்டை இயற்றினர். உமது விதியைக் காக்க விரும்புகிறோம், அடிமைத்தனம் தடுக்கிறது, உயிர் வாழ்க என்பதும் உமது விதியாதலின் இதனை உண்கிறோம், எங்களை விரைவில் மீட்டருள்க என்பது அதன் சாரம். 1945 ஏப்ரலில் முகாம் மீட்கப்பட்டபோது, அவர்களுள் பலர் உயிருடன் இல்லை.

அவர்களின் நினைவு அவர்களைக் காப்பாற்றியது என்று எழுதக் கை வரவில்லை. அவ்வாறு எழுதுதல் இறந்தோர்க்குச் செய்யும் அநீதி. ஆயினும் ஒன்று சொல்லலாம். எண்ணாக மாற்றப்பட்ட மனிதர்கள், தம்மை எகிப்திலிருந்து புறப்பட்டவர்களாக எண்ணி, எதனை ஏன் உண்கிறோம் என்று தாமே முடிவு செய்து, இறைவனோடு பேசி உண்டனர். அந்த ஒரு வேளை உணவில் அவர்கள் அடிமைகளாக இல்லை.

நினைவின் உரைகல்

நினைவு பழியாகவும் திரிய வல்லது. பாபிலோன் ஆற்றங்கரையில் அழுத மக்களின் 137-ஆம் பாடல், பகைவரின் குழந்தைகளும் மடிய வேண்டும் என்ற கொடிய விருப்பத்தில் முடிகிறது. அவ்வடிகளை மறைத்துவிட்டுப் பாடலின் அழகை மட்டும் பாராட்டுதல் நேர்மையன்று. எபிரேயச் சட்டமே இதற்கு மாற்றும் கூறுகிறது. எகிப்தில் நீங்கள் அயலாராய் இருந்தீர்கள். ஆதலின் அயலாரை நேசியுங்கள் என்பது அது. ஒரே நினைவிலிருந்து பழியும் பிறக்கலாம், பரிவும் பிறக்கலாம். எது பிறக்கிறது என்பதே நினைவின் உரைகல்.

இப்பாடல்கள் தமிழுக்கு வந்து முந்நூறாண்டுகள் ஆகின்றன. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைப் பெஞ்சமின் சூல்ட்சே நிறைவு செய்ய, 1728 அளவில் அது அச்சேறியது. பின்னர்ப் பாதிரியார் பெர்சிவலுடன் இணைந்து விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவர் சைவப் பெரியார் ஆறுமுக நாவலர். எபிரேயரின் நினைவு தமிழ்ச் சைவரின் சொற்களின் வழியாகவும் நம்மை வந்தடைந்திருக்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

மாணவர்க்கு நான் தரும் விடைக்கு இனி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லுதல் பற்றிக்கொள்வதற்காகவே. ஆயின் பற்றிக்கொள்வதற்கு மூன்று நிபந்தனைகள் உள. சுவரை அன்றிக் காத்தவனை நினைக்க வேண்டும். தன் பிழையை விலக்காமல் நினைக்க வேண்டும். அடுத்த தலைமுறை கேட்கும்படி நினைக்க வேண்டும். முதலிரண்டும் ஒவ்வொருவரின் உள்ளத்தைப் பொறுத்தவை. மூன்றாவது, கவிஞர்களின் கடமை. அரசும் கோயிலும் வீழ்ந்த நாளில் ஒரு மக்களின் நினைவைச் சுமந்து சென்றவை பாடல்களே. நாம் எழுதும் வரிகளும் யாருடைய இரவிலேனும் ஊன்றி நிற்க ஓரடி நிலமாக அமையுமாயின், இவ்வட்டத்தின் உழைப்பு வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.